இரண்டு முறை வாசிக்கப்பட்ட தீர்ப்பு

நீதிபதி டிட்லெஃப் குவாலேயைப் படகில் உட்கார வைத்து இருபத்திரண்டு வருடம் துடுப்புப் போட்டிருக்கிறேன். ஆசைப்பட்டுச் செய்ததல்ல. அரசு அதிகாரி படகுத்துறையில் வந்து நின்றால் எங்கள் கடற்கரைப் பண்ணைகளில் முறை வைத்து ஒரு வீட்டார் படகை இறக்கி, அவரை அடுத்த துறை வரை கொண்டுபோய்விட வேண்டும் என்பது சட்டம். அதற்குக் கூலி உண்டு, புகையிலைக்குக்கூடக் காணாது.

முறை வைத்து என்று சொன்னேன். முதல் வருடம் அப்படித்தான் நடந்தது. நீதிபதி படகில் ஏறியதும் கவிதை வாசிப்பார் என்று தெரிந்த பிறகு ஒருவனுக்குத் தோள்பட்டை பிசகியது. இன்னொருவன் படகில் தண்ணீர் கசிந்தது. மூன்றாமவனுக்கு நீதிபதி துறையில் தெரியும்போதெல்லாம் வயிற்றுவலி வந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த பாவத்துக்கு எல்லார் முறையும் என் தலையில் விழுந்தது.

துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதிகாரி படகின் பின்பக்கம் உட்காருவார். அவர் முகமும் என் முகமும் மூன்று முழ தூரத்தில் நேருக்கு நேர். தேவாலயத்தில் போரடித்தால் ஜன்னலைப் பார்க்கலாம். இங்கே பார்ப்பதற்கு அவர் மூக்கும் அதற்குக் கீழே அசையும் வாயும்தான். ஒரு கவிதை முடிந்ததும் தாளை மடித்துவிட்டு, எப்படி இருக்கிறது எல்லிங் என்று கேட்பார். நான் பொய் சொல்லாதவன் என்று எங்கள் ஊர் ஸ்கார்வோக் முழுக்கப் பெயர் எடுத்தவன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராது. கேவலமாக இருக்கிறது என்று சொல்லவும் முடியாது, அவர் நீதிபதி. அதனால், "காத்து மேக்கால திரும்புதுங்க, ஐயா" என்பேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தாளை எடுப்பார்.

கிழக்கே ஏதோ ஒரு பாதிரியாரின் மகன். அப்பா சொன்னதற்காகச் சட்டம் படித்தாராம், தனக்காகக் கவிதை எழுதினாராம். இரண்டில் எதை முதலில் விட்டிருக்க வேண்டும் என்று ஊரில் இரண்டு கட்சி இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையல்காரி ஒருத்தி இருந்தாள், அவளுக்குக் காது மந்தம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதையே ஒரு தகுதியாக அவள் சொல்லிக்கொண்டாளோ என்னவோ.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாட்டு அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். மூன்று பத்தி, நான்கு பத்தி இருக்கும். எல்லோரும் சேர்ந்து பாடிவிட்டுச் சாப்பிடுவோம். குவாலே வந்த பிறகு அது பதினேழு பத்தி ஆனது. யாரும் கேட்காமலேயே எழுதிக் கொண்டுவந்துவிடுவார். பாட்டு முடிவதற்குள் கல்யாணக் கஞ்சி ஆறி, மேலே ஊற்றிய வெண்ணெய் உறைந்து கட்டியாகிவிடும். குடித்துவிட்டுத் துறையிலிருந்து கடலில் விழுந்து செத்த கிழவன் ஒருவனின் அடக்கத்தில், அவன் வாழ்நாளெல்லாம் மதுவைத் தீண்டாத உத்தமன் என்று நான்கு பத்தி எழுதியிருந்தார். செத்தவன் பெண்டாட்டியே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நீதிபதியின் உச்சி குளிர்ந்துபோயிற்று.

நாடகமும் எழுதினார். பழைய காலத்து ராஜாக்கள், வாள், சபதம். ஐந்து நாடகங்களைத் தலைநகர் கிறிஸ்டியானியாவிலுள்ள நாடகசாலைக்கு அனுப்பினார். நீராவிக் கப்பலில் போனது அடுத்த நீராவிக் கப்பலில் திரும்பி வந்தது. ஒவ்வொன்றையும் படகில் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த ராஜாக்கள் யாரையும் வெட்டுவதில்லை. எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்டுவிட்டு, சாட்சிகளை அழைத்து, மூன்றாம் அங்கத்தில் வழக்குச் செலவுத்தொகையோடு தீர்ப்புச் சொல்வார்கள்.

நாடகத்தில் விட்டதைத் தீர்ப்பில் பிடித்துக்கொண்டார். மாடு ஒன்று அடுத்தவன் புல்லை மேய்ந்த வழக்கில் அரைப் பக்கம் மாலை வெயிலைப் பற்றி எழுதினார். எங்கள் ஊரில் தீர்ப்பு வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். தூங்குகிறவனைப் பக்கத்தில் இருப்பவன் விலாவில் குத்தி எழுப்பிவிடுவான். கடற்பறவையும் இலையுதிர்காலமும் முடிகிறவரை கால் கடுக்க நின்றோம். மாடு யார் பக்கம் ஜெயித்தது என்பது கடைசி வரியில்தான் தெரிந்தது.

இப்படியே போயிருந்தால் நானும் கிண்டல் செய்துகொண்டே செத்திருப்பேன். அவர் வந்து பதினான்காம் வருடம் என் அக்கா கூரினேயின் வழக்கு அவர் மேசைக்கு வந்தது.

அக்கா புருஷன் கடலோடு போய் அப்போது மூன்று வருடம். இரண்டு மகன்களும் அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு குளிர்காலத்தில் லொஃபோட்டன் தீவுகளுக்கு மீன்பிடிக்கப் போய்வந்தார்கள். அந்தப் படகு நிற்பது கரையிலுள்ள படகுக்கொட்டகையில். அது இல்லாவிட்டால் படகை வெளியில்தான் போட்டு வைக்க வேண்டும். ஒரே கோடையில் பலகை காய்ந்து பிளந்துவிடும். படகு போனால் அவர்கள் ஊரை விட்டே போக வேண்டியதுதான். வியாபாரி ஃபால்க் ஒரு நாள் கொட்டகைக்குள் தன் ஹெர்ரிங் மீன் பீப்பாய்களை உருட்டிவிட்டான். கரை அவன் பெயரில் இருக்கிறதாம், பத்திரம் இருக்கிறதாம்.

பத்திரம் இருந்தது உண்மை. ஆனால் இருபது வருடம் தன்னுடையதாக ஒருவர் அனுபவித்தால் அது அவருக்கே சொந்தம் என்றும் சட்டம் இருக்கிறது. அக்கா குடும்பம் முப்பத்தோரு வருடமாக அங்கே படகை ஏற்றுகிறது. ஃபால்க் அதற்கும் ஒன்று வைத்திருந்தான். சதுப்பில் பழுக்கும் முல்டேப் பழத்தை வருடா வருடம் ஒரு வாளியில் அக்கா புருஷன் அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அது வாடகை என்றான். வாடகைக்கு இருந்தவன் சொந்தம் கொண்டாட முடியாது. அக்கா அது அன்பாகக் கொடுத்தது என்றாள். கொடுத்தவர் கடலுக்கு அடியில் இருந்தார், அவரைக் கேட்க வழியில்லை.

நீதிமன்றத்தின் இலையுதிர்கால அமர்வில் விசாரணை நடந்தது, தீர்ப்பை வசந்தகால அமர்வுக்குத் தள்ளிவைத்தார். குவாலேயால் ரகசியத்தை அடக்கிவைக்க முடியாது. பிப்ரவரியில் படகிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். "தீர்ப்பு எழுதியாச்சு, எல்லிங். உங்க அக்காகிட்ட காகிதம் ஒண்ணும் இல்ல. ஃபால்க்கிட்ட பத்திரம் இருக்கு. என் கை கட்டிக் கிடக்கு." அதைச் சொன்ன கையோடு கவிதையை எடுத்தார். அன்று அவரைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அக்காவிடம் சொல்ல மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நாடகசாலையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ராஜாக்கள் போதும், கண்ணுக்கு முன்னால் நடப்பதை எழுதுங்கள் என்று யாரோ புண்ணியவான் எழுதியிருந்தார். குவாலேயின் கண்ணுக்கு முன்னால் இருந்தது என் அக்காவின் வழக்கு. ஒரு விதவை, ஒரு வியாபாரி, ஒரு படகுக்கொட்டகை. பெயரை மட்டும் மாற்றினார். எங்கள் பெயர்களை அவர் என்றுமே சரியாகச் சொன்னதில்லை என்பதால் அந்த மாற்றம் யாருக்கும் உறைக்கவில்லை.

வசந்தகால அமர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்த மதியம், நாடகத்தை ஊரிலேயே போட்டார். இடம் துறையிலுள்ள மீன் கிடங்கின் மாடி. எங்களுக்கு வேறு மண்டபம் கிடையாது, நீதிமன்றம் கூடுவதும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை அமர்வுக்காகப் பச்சைத்துணி விரித்த மேசையும், தடித்த சட்டப் புத்தகமும், பெஞ்சுகளும் ஏற்கெனவே போட்டிருந்தன. அதையே மேடையாக்கிக்கொண்டார்கள். தந்தி அலுவலரின் மனைவி விதவையாக நடித்தாள். தேவாலயத்தில் பாடல் நடத்துகிறவரும் பள்ளி ஆசிரியருமான மிக்காலுக்கு நீதிபதி வேடம்.

இரண்டு அங்கம் வரை எல்லோருக்கும் அது நாடகம்தான். தந்தி அலுவலரின் மனைவி வராத கண்ணீரை வரவழைக்கப் படாதபாடு பட்டாள். முன்வரிசையில் நான்கு பேர் தூங்கினார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "நான் எப்படா இப்படி மூக்கை உறிஞ்சினேன், தம்பி?" என்று என் காதில் கேட்டாள். மூன்றாம் அங்கத்துக்கு வந்தபோது மிக்காலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த வாரம் மூன்று சாவு, மூன்றிலும் பதினேழு பத்தி. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் திரைக்குப் பின்னால் குசுகுசுப்பு. பிறகு குவாலேயே வெளியே வந்தார்.

அவருடைய அதே கறுப்புக் கோட்டு. அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். சட்டப் புத்தகத்தைத் திறந்து, வழக்கம்போல ஒருமுறை செருமினார். பிறகு வாசித்தார்.

"வாடகை என்றால் அதற்கு ஓர் அளவு இருக்கும். நல்ல கோடையில் வாளி நிறையப் பழம் வந்தது. உறைபனி விழுந்த வருடம் ஒரு பழம்கூட வரவில்லை, அந்த வருடம் அதை யாரும் கேட்கவும் இல்லை. கேட்கப்படாதது வாடகை அல்ல. அது அக்கம்பக்கத்துப் பிரியம். பிரியமாகக் கொடுத்த குடும்பத்திடமிருந்து அதையே காரணம் காட்டிக் கொட்டகையைப் பறிக்க முடியாது."

முதலில் எழுந்தவன் ஃபால்க். பழக்கதோஷம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவன் பின்னால் இருந்த வரிசை எழுந்தது, அதன் பின்னால் இருந்தது எழுந்தது. தூங்கின நாலு பேரையும் குத்தி எழுப்பினார்கள். கிடங்கு முழுக்க நூற்றிருபது பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றோம். நாடகம் முடிந்துவிட்டது, அமர்வு தொடங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான், மறைப்பானேன். பிப்ரவரியில் சொன்னதை மனிதர் மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அக்காவின் கை என் கையைப் பிடித்தது.

குவாலே நிமிர்ந்து பார்த்தார். நாடகசாலைகளில் பெரிய ஆட்களுக்கு இப்படி எழுந்து நிற்பார்கள் என்று அவர் எங்கோ கண்டிருக்கிறார். மேசையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு கையை நெஞ்சில் வைத்து எங்களுக்கு மூன்று முறை குனிந்து வணக்கம் சொன்னார். நீதிபதி நம்மைப் பார்த்து எதற்குக் குனிகிறார் என்று ஊர் முழித்தது. ஒரு மரியாதைக்கு நாங்களும் குனிந்தோம்.

திங்கட்கிழமை காலை ஃபால்க் இரண்டு ஆட்களோடு வந்து பீப்பாய்களைக் கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு போனான். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். அவன் கடைசிப் பீப்பாய் போன பிறகு கொட்டகையைப் பெருக்கினாள்.

அன்று மத்தியானம்தான் மிக்கால் தொண்டையைத் தடவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நீதிபதி வாசித்தது மிக்கால் மனப்பாடம் செய்திருந்த வசனமேதான், எழுத்துப் பிசகாமல் நாடகத்தில் இருப்பது. அப்படியானால் நிஜத் தீர்ப்பு, பிப்ரவரியில் எழுதினது, இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. மிக்காலிடம் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னேன். அந்தத் தொண்டையோடு அவருக்கு அது கஷ்டமாக இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவரை அமர்வுக்குக் கூட்டிப்போக வேண்டும். தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாள் எதையும் எடுக்கவில்லை. பதினான்கு வருடத்தில் முதல்முறையாகப் படகில் அமைதி, எனக்கு அது கவிதையைவிடப் பயமாக இருந்தது. பாதித் தூரம் போனதும் வாயைத் திறந்தார்.

"எல்லிங், ஃபால்க் பீப்பாயை எல்லாம் எடுத்துட்டானாமே."

"ஆமாங்க, ஐயா."

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் எந்திரிச்சது தீர்ப்புன்னு நினைச்சதாலயா, நாடகத்துக்காகவா? நீ பொய் சொல்ல மாட்ட. சொல்லு."

மூன்று முழ தூரத்தில் அந்த மூக்கு. காற்று மேற்கே திரும்பியிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அன்று காற்றே இல்லை. உண்மையைச் சொன்னால் மனிதர் நொந்துபோய்ப் பையில் இருப்பதை வாசித்துவிடுவார். அக்கா பெருக்கி வைத்த கொட்டகை என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"நாடகத்துக்காகத்தாங்க, ஐயா" என்றேன். "அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டுட்டு யாரால உக்காந்திருக்க முடியும்?"

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சரி, துடுப்பைப் போடு என்றார்.

அமர்வில் எழுந்து நின்றோம். குவாலே அதே தீர்ப்பைத் திரும்ப வாசித்தார். அதே வாளி, அதே உறைபனி, அதே பிரியம். கடற்பறவை ஒன்றுகூட இல்லை. ஊருக்குக் குழப்பம். ஒருமுறை சொன்னதை எதற்குத் திரும்பச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டார்கள். தன் எழுத்து தனக்கே பிடித்துப்போய் இன்னொரு தரம் வாசிக்கிறார் என்று முடிவு கட்டினார்கள், அவரைத் தெரிந்தவர்களுக்கு அது நம்பக்கூடியதாகவே இருந்தது. ஃபால்க் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. தானே முன்னால் எழுந்து நின்று, தானே பீப்பாயை உருட்டினவன் எந்த முகத்தோடு போவான்?

நாடகத்தை நாடகசாலை திருப்பி அனுப்பிவிட்டது. முடிவு நம்பும்படி இல்லை என்று எழுதியிருந்தார்களாம். அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, நானும் துடுப்புப் போடுவதை நிறுத்தவில்லை. இன்னும் எட்டு வருடம். கவிதை ஒரு அங்குலம்கூடத் தேறவில்லை.

ஓய்வு பெற்ற வருடம் கடைசியாக ஒரு முறை படகில் வந்தார். கால் வீங்கியிருந்தது, கைபிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு கவிதை வாசித்தார், காற்றைப் பற்றி வழக்கம்போலச் சொன்னேன். சிரித்தார்.

"அன்னைக்கு நீ பொய் சொன்ன, எல்லிங்."

எனக்குத் துடுப்புத் தண்ணீரில் வழுக்கியது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சாட்சி முகத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். நீ வருஷக்கணக்கா என் முகத்துக்கு நேரா உக்காந்திருக்க. என் கவிதை ஒண்ணாவது உனக்குப் புடிச்சிருக்கா? அது எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?"

"அப்புறம் எதுக்குங்க வாசிச்சீங்க?"

"வேற யாரு கேப்பா?"

நான் பார்த்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது என்பது எனக்கு அந்த வயதில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அப்படியானால் தீர்ப்பை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உறைபனி வருஷத்தைப் பத்தி உங்க அக்கா விசாரணையிலயே சொன்னா. எனக்கு அது காதுல விழுந்துச்சு. ஆனா மேசை முன்னால உக்காந்தா, பத்திரத்தை எதுத்து எழுதத் தைரியம் வரல. நாடகத்துல வந்துச்சு. நீங்க எல்லாம் எந்திரிச்சு நின்னப்புறம், எதுக்காக நின்னாலும் சரி, மேசையிலயும் வந்துச்சு."

மறு வசந்தத்தில் போய்விட்டார். அவர் வைத்துவிட்டுப் போன சீட்டில், கல்லறைக்குச் சின்னக் கல் போதும், பெயரும் அதற்குக் கீழே கவிஞர் என்று ஒரு சொல்லும் வெட்டினால் போதும் என்று இருந்தது. பாதிரியார் வீட்டில் கூடினோம். சீட்டை வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ஃபால்க், "கவிஞர்னு வெட்டினா வர்றவன் போறவன் எல்லாம் சிரிப்பான். நீதிபதின்னு போடுங்க, அதுலயாவது மரியாதை இருக்கு" என்றான். பாதிரியாருக்கும் அதுவே சரி என்று பட்டது. பிப்ரவரியில் கேட்டதையும் அந்தக் கடைசிப் பயணத்தில் கேட்டதையும் அக்காவிடம் மட்டும் பிறகு சொல்லியிருந்தேன்.

அக்கா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீதிபதி என் கொட்டகையை ஃபால்க்குக்குத்தான் எழுதி வெச்சிருந்தார். பிப்ரவரியிலயே எழுதி பையில வெச்சிருந்தார். அந்த ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாம் எந்திரிச்சு நின்னது வெறும் நாடகத்துக்கு. கொட்டகையைக் குடுத்தது நீதிபதி இல்ல, அந்த இன்னொரு ஆளு. கல்லுல அவரைத்தான் வெட்டணும்."

அறையில் எல்லோரும் ஃபால்க்கைப் பார்த்தார்கள். நாடகத்தைக் கேட்டு முப்பத்தெட்டுப் பீப்பாய்களைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு போனவனைப் பார்க்கிற பார்வை அது. எட்டொன்பது வருடம் கழித்து அவனுக்கு அப்போதுதான் அது தெரிகிறது. காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. மேற்கொண்டு வாதாடினால் தன் தலைதான் உருளும் என்று புரிந்திருக்க வேண்டும்.

"கவிஞர்னே வெட்டுங்க" என்றான்.

நீதிபதியும் கவிஞரும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியும். கல்லில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. இருபத்திரண்டு வருடம் முகத்துக்கு நேரே கேட்டதில் அந்த வாளி வரியைத் தவிர ஒன்றும் என் நினைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லுக்கு எதிரே, அதற்கு முகத்தைக் காட்டிக் கொஞ்ச நேரம் உட்காருவேன். காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வருவேன்.